ஏப்ரல் 26: ஒரே தேதியில் இரண்டு நாசங்கள்

தினசரிப் பத்திரிகைகளில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வருமே, பார்த்திருப்பீர்கள். இன்ன வருடத்தில் இதே நாளில் ஒரு நாடு சுதந்திரம் பெற்றது, ஒரு விஞ்ஞானி பிறந்தார், ஒரு கப்பல் மூழ்கியது என்று நான்கைந்து வரிகள் இருக்கும். எனக்கு அந்தப் பெட்டியைப் படிக்காவிட்டால் அன்றைய பேப்பரைப் படித்த மாதிரியே இருக்காது. நான் பார்க்கும் வேலையும் அப்படிப்பட்டது. சம்பளக் கணக்குப் போடும் சாப்ட்வேர் எழுதும் குழுவில் இருக்கிறேன். நாள் முழுவதும் தேதிகளோடுதான் குடித்தனம்.

‘புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது. ஒரே ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, அதில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்த்தாலே போதும். கம்ப்யூட்டர் தேதியை எப்படிப் புரிந்துகொள்கிறது, வைரஸ் அதை எப்படிப் பயன்படுத்தியது, உங்கள் பைல்களை நீங்கள் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று எல்லாமே அதற்குள் வந்துவிடும்.

அந்தத் தேதி ஏப்ரல் 26.

முதல் சம்பவம்: 1986

அப்போதைய சோவியத் யூனியனில், இன்றைய உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையம் இருந்தது. அதன் 4-வது உலையில் ஒரு பாதுகாப்புச் சோதனை செய்யத் திட்டமிட்டார்கள். மின்சாரம் தடைபட்டால், சுழற்சி குறைந்துகொண்டே வரும் டர்பைனின் வேகத்தைக் கொண்டே நீரேற்றும் பம்புகளைச் சிறிது நேரம் ஓட்ட முடியுமா என்று பார்ப்பதுதான் சோதனை.

இதைச் செய்ய வேண்டிய நாள் ஏப்ரல் 25. பகல் ஷிப்டில் இருந்தவர்கள் அதற்குத் தயாராக இருந்தார்கள். ஆனால் மதியம் கீவ் நகரத்து மின் பகிர்மான அதிகாரி, ‘மின்சாரம் தேவைப்படுகிறது, உலையின் சக்தியை இப்போது குறைக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார். சுமார் ஒன்பது மணி நேரம் சோதனை தள்ளிப்போனது. இரவு ஷிப்டின் கையில் வேலை வந்து சேர்ந்தது. உலையின் சக்தி திட்டமிட்டதைவிட மிகவும் கீழே இறங்கிவிட்டது. அந்த நிலையிலும் சோதனையைத் தொடர்ந்தார்கள். பின்னிரவு 1 மணி 23 நிமிடம் 40-வது விநாடியில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினார்கள். அந்த உலையின் வடிவமைப்பில் இருந்த ஒரு குறையால், கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கத் தொடங்கியதும் சக்தி குறைவதற்குப் பதிலாக ஏறியது. சில விநாடிகளில் உலை வெடித்தது.

அன்று இரவே இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். கடுமையான கதிர்வீச்சுக்கு ஆளான 28 பேர் அடுத்த சில மாதங்களில் இறந்தார்கள். பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரமே காலி செய்யப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மின் பகிர்மான அதிகாரி அன்று மதியம் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தச் சோதனை 25-ம் தேதியே நடந்து முடிந்திருக்கும்.

இரண்டாவது சம்பவம்: 1999

சரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1999 ஏப்ரல் 26, திங்கள்கிழமை. ஆசியாவின் பல நாடுகளில் அலுவலகம் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டவர்களுக்கு அதிர்ச்சி. சில கம்ப்யூட்டர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே உறைந்து நின்றன. மறுபடி போட்டால் ஹார்டு டிஸ்க்கே இல்லை என்றன. இன்னும் சிலவற்றில் மின்விசிறி மட்டும் சுற்றியது. திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

காரணம் சிஐஎச் என்ற வைரஸ். தைவானில் கல்லூரி மாணவராக இருந்த சென் யிங்-ஹாவ் என்பவர் 1998-ல் எழுதியது. அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்தான் சி, ஐ, எச். வைரஸ் எதிர்ப்பு சாப்ட்வேர் கம்பெனிகள் தங்கள் சரக்கைப் பற்றி அளந்துவிடுவது பொய் என்று காட்டவே இதை எழுதியதாக அவர் பின்னால் சொன்னார்.

இந்த வைரஸின் அளவு சுமார் 1 கிலோபைட்தான். விண்டோஸ் புரோகிராம் பைல்களுக்குள் ஆங்காங்கே காலி இடங்கள் இருக்கும். சிஐஎச் தன்னைத் துண்டு துண்டாக வெட்டி அந்த இடங்களில் ஒளித்துக்கொள்ளும். அதனால் பைலின் அளவு ஒரு பைட்கூடக் கூடாது. பைல் பெருத்திருக்கிறதா என்று பார்த்து வைரஸைக் கண்டுபிடிக்கும் பழைய வழி இதனிடம் பலிக்கவில்லை.

மாதக்கணக்கில் எதுவும் செய்யாமல் பரவிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரின் கடிகாரம் ஏப்ரல் 26 என்று காட்டும் நாளில் இரண்டு வேலைகள் செய்யும். முதலாவது, ஹார்டு டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 1 மெகாபைட் அளவுக்கு இருப்பதை அழித்துவிடும். எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அந்தப் பகுதியில்தான் தொடங்குகிறது. ஒரு தடித்த புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழித்து எறிந்த மாதிரி. இரண்டாவது வேலை இன்னும் மோசம். மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப்பில் குப்பையை எழுதப் பார்க்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடுவது பயாஸில் உள்ள புரோகிராம்தான். அது போனால் கம்ப்யூட்டருக்கு எழுந்திருக்கவே தெரியாது. எல்லா மதர்போர்டுகளிலும் இது பலிக்கவில்லை. பலித்த இடங்களில், சிப்பைக் கழற்றி மறுபடி எழுத வேண்டியிருந்தது, அல்லது போர்டையே மாற்ற வேண்டியிருந்தது.

தென்கொரியாவில் மட்டும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. துருக்கி, சீனா, இந்தியா, வங்கதேசம் ஆகிய நாடுகளிலும் பலத்த அடி. அமெரிக்காவில் பாதிப்பு ஒப்பீட்டளவில் குறைவு. ஒரு மாதம் முன்பு, மார்ச் 26-ம் தேதிதான், மெலிஸா என்ற வைரஸ் அங்கே ஈ-மெயில் வழியாகப் பரவிப் பெரிய பீதியைக் கிளப்பியிருந்தது. அந்தப் பயத்தில் கம்பெனிகள் வைரஸ் எதிர்ப்பு சாப்ட்வேரைப் புதுப்பித்து வைத்திருந்தன.

ஒரு டிடிபி சென்டரில்

1999-ல் எனக்கு இரண்டு வயது. இந்த வைரஸைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் டீம் லீடர். அவர் அப்போது மதுரையில் கல்லூரி மாணவர். மாலை நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் ஒரு டிடிபி சென்டரில் தட்டச்சு வேலை பார்த்துவந்தார். சென்டரில் நான்கு கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் விண்டோஸ் 98. யாரோ கொண்டுவந்த ஒரு கேம் சிடி மூலம் வைரஸ் எப்போதோ உள்ளே வந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை நான்கில் மூன்று போய்விட்டன. வைகாசி முகூர்த்தங்களுக்கான கல்யாணப் பத்திரிகைகள் முழுவதும் அவற்றில்தான் இருந்தன. நல்லவேளையாக, வாடிக்கையாளர்கள் திருத்தம் போட்டுக் கொடுத்த புரூப் தாள்களை முதலாளி ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். அதைப் பார்த்து மூன்று இரவுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தார்களாம்.

ஆனால் ஒரு வேலைக்குத் தாள் இல்லை. ஆராய்ச்சி மாணவி ஒருவர் தன் ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்களை அங்கேயே உட்கார்ந்து நேரடியாக அடித்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாகப் பிரிண்ட் எடுக்கலாம் என்று இருந்துவிட்டார். பிளாப்பியிலும் காப்பி இல்லை. கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்தவர் முதல் வேலையாக ஹார்டு டிஸ்க்கை பார்மட் செய்து விண்டோஸைப் போட்டுவிட்டார். சில வாரங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது: அந்த அட்டவணைக்கு டிஸ்க்கில் இன்னொரு நகல் உண்டு. பெரிய டிஸ்க்குகளில் சிஐஎச் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. அதைக் கொண்டே பைல்களை மீட்கும் இலவச புரோகிராம் ஒன்றை ஸ்டீவ் கிப்ஸன் என்ற அமெரிக்க புரோகிராமர் எழுதி வெளியிட்டிருந்தார். பார்மட் செய்யாமல் இருந்திருந்தால் அந்த நான்கு அத்தியாயங்களும் பிழைத்திருக்கக்கூடும்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் டீம் லீடர் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

பெயர் வந்த கதை

1999-ல் பத்திரிகைகள் இந்த வைரஸுக்கு வைத்த பெயர் ‘செர்னோபில் வைரஸ்’. படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அணு உலை வெடித்த நாளின் நினைவாக எவனோ ஒரு கிறுக்கன் திட்டம்போட்டுச் செய்த வேலை என்றுதானே?

உண்மையில் வைரஸின் உள்ளே செர்னோபில் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சிஐஎச் என்ற பெயரில் அது ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. தேதி பொருந்துகிறதே என்று யாரோ கவனித்த பிறகுதான் செர்னோபில் வந்து ஒட்டிக்கொண்டது. சென் அந்த வைரஸை எழுதிய தேதியே ஏப்ரல் 26 என்றும், ஓராண்டு கழித்து வெடிக்கும்படி அதையே வைத்துவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. சிஐஎச்சின் வேறு வகைகளும் உண்டு. ஒன்று ஜூன் 26-ல் வெடிக்கும். இன்னொன்று ஒவ்வொரு மாதமும் 26-ம் தேதி வெடிக்கும். அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது?

இப்போது ஏப்ரல் 26-ஐ இன்னும் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம்.

1920 ஏப்ரல் 26 அன்று கணித மேதை ராமானுஜன் காலமானார். வயது 32. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1937-ல் இதே நாளில் ஸ்பெயினின் கெர்னிக்கா நகரத்தின் மீது ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு வீசின. பிக்காஸோவின் புகழ்பெற்ற ஓவியம் அதைப் பற்றியதுதான். 1954-ல் இதே நாளில் அமெரிக்காவில் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசிக்கான மாபெரும் சோதனை தொடங்கியது. 1964-ல் இதே நாளில் இரண்டு நாடுகள் இணைந்து இன்றைய டான்சானியா உருவானது.

ஆக, அதே வைரஸை ‘கெர்னிக்கா வைரஸ்’ என்றும் அழைத்திருக்கலாம். எண்களோடு விளையாடியதால் ‘ராமானுஜன் வைரஸ்’ என்றுகூடச் சொல்லியிருக்கலாம்! யாரும் சொல்லவில்லை. நாசம் செய்யும் ஒன்றுக்குப் பெயர் தேடும்போது கண்ணில் படுவது இன்னொரு நாசம்தான். போலியோ தடுப்பூசி அதே தேதியில் இருந்தும் கண்ணில் படாது.

மைக்கேலாஞ்சலோ செய்த பாவம்

இதற்கு முன்பும் இது நடந்திருக்கிறது. 1991-ல் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. பிளாப்பி மூலம் பரவும். மார்ச் 6-ம் தேதி கம்ப்யூட்டரைப் போட்டால் ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்துவிடும். மார்ச் 6 யாருடைய பிறந்த நாள் என்று பார்த்தார் ஓர் ஆய்வாளர். 1475-ல் பிறந்த இத்தாலியச் சிற்பி மைக்கேலாஞ்சலோ கிடைத்தார். வைரஸுக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. புரோகிராமில் அவரைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை.

பெயர் நன்றாக இருந்ததால் செய்தியும் நன்றாக ஓடியது. 1992 மார்ச்சில் 50 லட்சம் கம்ப்யூட்டர்கள்வரை பாதிக்கப்படலாம் என்று பத்திரிகைகள் எழுதின. மார்ச் 6 வந்தது, போனது. பாதிக்கப்பட்டவை பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம்வரை என்று கணக்கிட்டார்கள். பயந்துபோய் மக்கள் பரிசோதித்துக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்து எக்ஸ்டி வகைக் கம்ப்யூட்டர்களில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. அதனால் மார்ச் 6 வந்ததே அவற்றில் இருந்த வைரஸுக்குத் தெரியவில்லை!

பொருத்தம் எப்படி இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது?

வருடத்தில் இருப்பது 366 தேதிகள்தான். வரலாற்றில் நடந்த சம்பவங்களோ கணக்கில்லாதவை. எல்லாவற்றையும் 366 பெட்டிகளுக்குள் போட்டால், ஒவ்வொரு பெட்டியும் நிரம்பி வழியத்தானே செய்யும்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருந்தால், அவர்களில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்த நாள் இருக்க பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு? 180 பேர் வேண்டும் என்று தோன்றும். சரியான விடை 23. காரணம், 23 பேரில் 253 ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு ஜோடியும் பொருந்துவதற்கு ஒரு வாய்ப்பு. நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் செல்போனில் உறவினர்களின் பிறந்த நாட்களைச் சரிபார்த்துப் பாருங்கள்.

நம் துறையிலேயே இப்படிப் பல உண்டு. கம்ப்யூட்டர் மொழிகளுக்கு வழிகாட்டிய கிரேஸ் ஹாப்பர் பிறந்தது 1906 டிசம்பர் 9. நீங்கள் பிடித்திருக்கும் மவுஸை டக்ளஸ் எங்கல்பார்ட் முதல்முதலாகப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டியது 1968 டிசம்பர் 9. இனிமையான பொருத்தம். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

ஒரே தேதி என்றால் ஒரே நாளா?

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஷேக்ஸ்பியரும், ஸ்பெயினின் பெரும் எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள் என்று அடிக்கடி சொல்வார்கள். ஸ்பெயின் 1582-லேயே புதிய கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752-ல்தான் மாறியது. ஷேக்ஸ்பியர் இறந்த அன்று ஸ்பெயினில் தேதி மே 3. இருவருடைய மரணத்துக்கும் இடையே பத்து நாட்களுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. பெயரளவில் ஒரே தேதி, நிஜத்தில் வேறு வேறு நாட்கள்.

செர்னோபிலையே பாருங்கள். அங்கே 26-ம் தேதி பின்னிரவு 1.23 என்றால், நம் இந்தியாவில் அப்போது 2.53. லண்டனில் 25-ம் தேதி இரவு 10.23. நியூயார்க்கில் 25-ம் தேதி மாலை 4.23. அமெரிக்கர்களைப் பொறுத்தவரை அந்த விபத்து ஏப்ரல் 25-லேயே நடந்துவிட்டது.

சிஐஎச் வைரஸோ அந்தந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தையே பார்த்தது. அதனால் கொரியாவில் விடிந்தபோது அங்கே வெடித்தது. மூன்றரை மணி நேரம் கழித்து நமக்கு விடிந்தபோது இங்கே வெடித்தது.

கம்ப்யூட்டருக்குத் தேதி எப்படித் தெரிகிறது?

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையே பிடுங்கி வைத்து, ஒரு வாரம் கழித்துப் போட்டாலும் சரியான தேதியைக் காட்டுகிறதே, எப்படி? மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் காசு வடிவத்தில் உள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி அதற்கு மின்சாரம் தருகிறது. சில ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்துவிடும். அப்போது ஒவ்வொரு முறை போடும்போதும் பழைய வருடத்தின் ஜனவரி 1 என்பது போல ஏதாவது தேதி வரும். பாதுகாப்பான வெப்சைட்டுகள் திறக்காமல், ‘சான்றிதழ் செல்லாது’ என்ற எச்சரிக்கை வரும். கம்ப்யூட்டரே கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும். மிகவும் குறைந்த செலவு.

கம்ப்யூட்டருக்கு ஏப்ரல் 26 என்பது சோக நாளும் இல்லை, நல்ல நாளும் இல்லை. அது ஓர் எண். எக்ஸெல்லில் ஒரு கட்டத்தில் 26-4-1986 தேதியையும், இன்னொரு கட்டத்தில் 26-4-1999 தேதியையும் அடியுங்கள். மூன்றாவது கட்டத்தில் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். 4748 என்று விடை வரும். அந்த இரண்டு சம்பவங்களுக்கும் இடையே கம்ப்யூட்டர் அறிந்த உறவு இந்த 4748 நாட்கள் மட்டும்தான். வைரஸும் அப்படியே. இன்றைய மாதம் நான்கா, நாள் இருபத்தாறா என்று இரண்டு எண்களை ஒப்பிட்டது. ஆம் என்றதும் அழித்தது.

அன்று சிலர் ஒரு தந்திரம் செய்தார்கள். முதல் நாள் இரவே கம்ப்யூட்டரின் தேதியை 27-க்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். 26-ம் தேதி வராமலே 27 வந்துவிடும். வைரஸ் ஏமாந்துவிடும். ஆனால் அது உள்ளேயேதான் இருக்கும், அடுத்த வருடம் வரை காத்திருக்கும்.

உண்மையிலேயே செர்னோபிலுக்கு வந்த வைரஸ்

கதை இங்கே முடியவில்லை. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசகார புரோகிராம் உக்ரைனைத் தாக்கியது. உக்ரைன் கம்பெனிகள் பெருமளவில் பயன்படுத்திய ஒரு கணக்கு சாப்ட்வேரின் அப்டேட்டுக்குள் புகுந்து வந்தது. வங்கிகள் முடங்கின, ஏடிஎம்கள் நின்றன. செர்னோபில் வளாகத்தில் கதிர்வீச்சைக் கண்காணித்த விண்டோஸ் கம்ப்யூட்டர்களையும் நிறுத்த வேண்டி வந்தது. ஊழியர்கள் கையில் கருவியோடு போய் அளந்தார்கள். செர்னோபில் பெயரைச் சுமந்த வைரஸ் அந்த விபத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. செர்னோபிலையே தொட்ட வைரஸ் வந்ததோ வேறு ஒரு தேதியில்!

அந்தத் தேதிக்கும் பொருத்தங்கள் உண்டு. உலகத்திலேயே முதல்முதலாக ஓர் அணுமின் நிலையம் மின் கட்டமைப்போடு இணைக்கப்பட்டது 1954 ஜூன் 27, சோவியத் யூனியனின் ஒப்னின்ஸ்க் நகரில். லண்டனை ஒட்டிய என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி முதல் பண இயந்திரத்தைத் திறந்தது 1967 ஜூன் 27. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து உக்ரைனில் ஏடிஎம்கள் நின்றன. செர்னோபில் பொருத்தத்தைவிட இது அழுத்தமாக இல்லையா? ஆனாலும் இவை இரண்டும் தற்செயல். மறுநாள் ஜூன் 28 உக்ரைனின் அரசியல் சட்ட நாள், அரசு விடுமுறை. தாக்கியவர்கள் அந்த நேரத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள் என்று பலரும் கருதினார்கள். பொருத்தங்கள் எத்தனை கிடைத்தாலும், யார், எதற்காக அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்பதே உருப்படியான கேள்வி.

இந்தத் தாக்குதலில் மாட்டிய மெர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் கம்பெனி எப்படி மீண்டது தெரியுமா? அதன் நெட்வொர்க்குக்கு மூலாதாரமான சர்வர்கள் உலகம் முழுவதும் இருந்தன. ஒன்றன் நகல் இன்னொன்றில் இருந்ததால் ஆபத்தில்லை என்று நினைத்திருந்தார்கள். எல்லாமே நெட்வொர்க்கில் இருந்ததால் எல்லாமே ஒரே நேரத்தில் அழிந்தன. ஆப்பிரிக்காவில், கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் அந்த நேரம் பார்த்து கரண்ட் கட். அங்கிருந்த சர்வர் நெட்வொர்க்கில் இல்லை. அதனால் பிழைத்தது. அந்த ஒரு நகலை வைத்து மற்றவற்றை எழுப்பினார்கள்.

மதுரை டிடிபி சென்டரில் கம்பியில் குத்தியிருந்த புரூப் தாள்களும், கானாவில் கரண்ட் இல்லாமல் கிடந்த சர்வரும் ஒரே காரணத்தால்தான் தப்பின. இரண்டுமே கம்ப்யூட்டரோடு இணைக்கப்படாத காப்பி.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சிஐஎச் வைரஸ் விண்டோஸ் 95, 98, எம்இ ஆகியவற்றில் மட்டுமே வேலை செய்யும். உங்கள் புதிய கம்ப்யூட்டருக்கு அதனால் ஆபத்து இல்லை. இன்றைய வைரஸ்கள் தேதிக்காகக் காத்திருப்பதும் அபூர்வம். நுழைந்த சற்று நேரத்திலேயே பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவையே அதிகம்.

2. குழந்தைகளின் போட்டோ, வீட்டுப் பத்திரம், புராஜெக்ட், கணக்கு என்று மறுபடி உருவாக்க முடியாத பைல்களை முதலில் ஒரே போல்டரில் சேருங்கள். மூன்று காப்பி வையுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்பது இன்டர்நெட் சேமிப்பகமாக இருக்கலாம், உறவினர் வீட்டில் உள்ள பென் டிரைவாகவும் இருக்கலாம்.

3. காப்பி எடுத்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியபடியே விட்டால், கம்ப்யூட்டருக்குள் வரும் வைரஸ் அதையும் சேர்த்தே அழிக்கும்.

4. காப்பியிலிருந்து ஒரு பைலையாவது திறந்து பாருங்கள். திறக்காத காப்பி இருந்தும் பயனில்லை.

5. விண்டோஸ் அப்டேட்டையும், விண்டோஸோடு வரும் வைரஸ் எதிர்ப்பு சாப்ட்வேரையும் நிறுத்தி வைக்காதீர்கள். தேதி, நேரம் தானாகவே இன்டர்நெட்டிலிருந்து சரிசெய்துகொள்ளும் வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

6. பைல் பெயரில் தேதி போடும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள். உதாரணமாக 1999-04-26. அப்போதுதான் பைல்கள் கால வரிசையில் நிற்கும். 4-5 என்று மட்டும் எழுதினால் நமக்கு மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5.

7. ஏதாவது விபரீதம் நடந்து பைல்கள் காணாமல் போனால், உடனே கம்ப்யூட்டரை அணையுங்கள். எந்தக் காரணம் கொண்டும் அவசரப்பட்டு பார்மட் செய்யவிடாதீர்கள். பைல்களை மீட்கத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. தேதிக்குச் சக்தி கிடையாது என்றேன். ஆனால் ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்ளும் சக்தி நமக்கு உண்டு. சிஐஎச்சின் ஒரு வகை ஒவ்வொரு மாதமும் 26-ம் தேதி வெடித்தது அல்லவா? அதே 26-ம் தேதியை நீங்கள் காப்பி எடுக்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் 26-ஐச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அரை மணி நேர வேலைதான். இந்த மாதம் 26 வர இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று இப்போதே பாருங்களேன்.